ராமாயி கொடுத்த சாவி

ராமாயி சிலோனிலிருந்து கொண்டுவந்த சாமான்களில், தாழங்குடித் தெற்குத்தெரு வயிறு குலுங்கச் சிரித்தது ஒரு பூட்டைப் பார்த்துத்தான். டிரங்குப் பெட்டி, இரண்டு சிவப்புக் கம்பளி, கொழுந்து பறிக்கிற கூடை ஒன்று, அவையெல்லாம் சரி, போகட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு எதற்கு? தெருவில் இருந்தது முப்பத்தேழு குடிசை. எல்லாவற்றுக்கும் மூங்கில் படல்தான் கதவு. அதையும் நாய் நுழையாமல் இருக்கத்தான் சாத்துவார்கள். உள்ளே திருடிக்கொண்டு போக என்ன இருந்தது? இரண்டு மண்சட்டி, ஒரு கோரைப்பாய், நேற்றைய நீராகாரம்.

பூட்டு இருந்தால் கதவு வேண்டுமே. சாமான் கட்டி வந்த மரப்பெட்டியைப் பிரித்து, ராமாயியின் புருஷன் சாமிதுரை ஒரு கதவு செய்துவிட்டான். பெட்டியில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் எழுத்துகள் கதவில் தலைகீழாக நின்றன. முதல் நாள் நடவுக்குக் கிளம்பும்போது ராமாயி கதவைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த வீட்டுக் காத்தாயி இதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி சிலோன்காரி, உள்ள என்னா பொதையலா வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா. பழக்கம்."

"பழக்கமாமுல்ல! அப்ப நாங்கல்லாம் திருடிங்களா?"

ராமாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் பூட்டுவது யாரையும் குற்றம் சொல்வதல்ல. பதுளைக்கு மேலே, மேகம் வந்து முற்றத்தில் படுத்துக்கொள்கிற உயரத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. லயம் என்பார்கள். காம்பரா என்றால் ஒரே ஒரு அறை. அதற்குள்தான் சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். ஒவ்வொரு அறைக்கும் தோட்டத்துத் துரை ஒரு எண் கொடுத்திருந்தார். ராமாயியுடையது ஒன்பது. பூட்டியிருக்கிற அறை ஆள் இருக்கிற அறை. பூட்டாத அறை யாருக்கும் சொந்தமில்லாத அறை. அங்கே அப்படித்தான்.

இதைக் காத்தாயியிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் காத்தாயி படலைக் காலால் தள்ளிச் சாத்திவிட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

சாமிதுரையின் தாத்தா இந்தத் தெருவிலிருந்துதான் ஒரு பஞ்ச காலத்தில் கங்காணி பின்னால் நடந்து, தோணி ஏறிப் போனார். அவர் திரும்பி வரவில்லை. அவர் மகனும் வரவில்லை. ஆனால் தோட்டத்தில் யார் எந்த ஊரென்று கேட்டாலும் அந்தக் குடும்பம் ஒரே பதிலைத்தான் சொல்லும். "தஞ்சாவூர் ஜில்லா தாழங்குடி." சாமிதுரை அந்த ஊரைப் பார்த்ததில்லை, அது கிழக்கா மேற்கா என்று தெரியாது. கல்யாணம் ஆகி வந்த ராமாயியும் அதையே சொல்லப் பழகிக்கொண்டாள். ஒருநாள் சர்க்கார் ஆபீசர் தோட்டத்துக்கு வந்து, மேசை போட்டு உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டார். அவர்கள் அதே பதிலைச் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு பதிலுக்காக, அவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப ஒரு கப்பல் காத்துக்கொண்டிருந்தது என்று யார் கண்டார்கள்!

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் வந்து இறங்கினார்கள். தெற்குத்தெருவில் சாமிதுரைக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவர், பிள்ளைகுட்டி இல்லாதவர், "என் தம்பி மவனே" என்று கட்டிக்கொண்டு அழுது தன் குடிசையில் இடம் கொடுத்தார். மறு வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். சாமிதுரைதான் கொள்ளி வைத்தான். தெருவில் எல்லாருடைய குடிசையையும் போல அதுவும் பண்ணையின் நிலத்தில் நின்றது. கூரை உழைத்தவனுடையது, தரை பண்ணையுடையது. எத்தனை தலைமுறை இருந்தாலும், பண்ணைக்காரர் போ என்றால் கூரையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

சேற்று வேலை ராமாயியை முதல் மாதம் கொன்றுவிட்டது. தேயிலையை நின்றுகொண்டு பறிக்கலாம். நாற்றை நாள் முழுக்கக் குனிந்தே நட வேண்டும். இரண்டு விரலால் தளிர் கிள்ளுகிற வேகம் அவள் கையில் இருந்தது; ஆனால் முதுகு அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஒருநாள் பெருமழை பிடித்து, உச்சிப் பொழுதிலேயே வேலை நின்றுவிட்டது. கரையேறும்போது ராமாயி தன்னையறியாமல், "அய்யோ, இன்னிக்கு அரைப்பேர்தானா?" என்றாள்.

"அது என்னாடி அரைப்பேரு?" என்றாள் காத்தாயி.

"பாதி நாள் வேலை செஞ்சா தோட்டத்துல பாதிப் பேருதான் போடுவாங்கக்கா. முழு நாளுன்னா முழுப் பேரு."

நடவு வரிசையே சேற்றுக்குள் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து தெருவில் எது அரைகுறையாய் நின்றாலும் அரைப்பேர்தான். வேகாத சோறு அரைப்பேர், கூரை மேயாத வீடு அரைப்பேர், பாதியில் ஓடிப்போன மாப்பிள்ளை அரைப்பேர். பூட்டின விஷயத்தில் உம்மென்றிருந்த காத்தாயிகூட அந்த வார்த்தையை விடவில்லை. ராமாயிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தான் கொண்டுவந்ததில் ஒரு சாமானையாவது தெரு வாங்கிக்கொண்டதே.

அது சண்டையும் சச்சரவுமாக இருந்த காலம். ஆட்சி மாறி, கறுப்பு சிவப்புக் கொடி கட்டிய கார்கள் ஊருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தன. தெரு முனையில் செங்கொடி பறந்தது. அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து பண்ணை அறுக்கப் பார்க்கும். தெரு வரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். போலீஸ் வேன் வரும். விவசாயத் தொழிலாளர் சங்கத்து வீரையன் எழுபத்தொன்றாம் வருஷம் கோடையில் தெருக் கூட்டம் போட்டுச் சொன்னார்.

"மனைக்கட்டுச் சட்டம் வரப்போவுது. யாரு எந்த மனையில குடியிருக்காங்களோ அவங்களுக்கே அது சொந்தம். பட்டா போட்டுக் குடுப்பாங்க. அதுக்குள்ள நம்மளக் கெளப்பப் பாப்பாங்க. எவன் வந்து என்ன சொன்னாலும் மனையை விட்டு எறங்காதீங்க!"

பட்டா! ராமாயி அந்த வார்த்தையை அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தாள். எண் போட்ட காம்பராவில் பிறந்து, எண் போட்ட காம்பராவில் வாழ்க்கைப்பட்டவள். தரை சொந்தம் என்றால் எப்படி இருக்கும்? சாயங்காலம் குடிசைக்குள் போய்ச் சாணி மெழுகிய தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சாமிதுரை பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னாடி, காச்சலான்னு பாக்குறியா?" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி ராஜாத்தியிடமிருந்து கடுதாசி வந்தது. அம்மா செத்தபின் ராமாயி இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சி. அவளும் அவள் புருஷனும் ஆனி மாதம் கப்பலேறுகிறார்கள். நீலகிரியில் தேயிலை வேலைக்கு எழுதியிருக்கிறார்கள். மண்டபம் முகாமில் ஓரிரு நாள் வைத்திருந்து அப்படியே மலைக்கு அனுப்பிவிடுவார்களாம். "அக்கா, மொகத்தையாவது காட்டிட்டுப் போ" என்று எழுதியிருந்தாள்.

போகாமல் முடியுமா? மேட்டூரில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், ஆனால் கடைமடைக்கு வந்துசேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். வயலில் வேலையில்லை. மூன்று நாளில் போய்த் திரும்பிவிடலாம். அவளுக்குக் கவலை வீட்டைப் பற்றித்தான்.

தோட்டத்தில் இதற்கு ஒரு முறை இருந்தது. கல்யாணம், சாவு, கதிர்காமத் திருவிழா, எதற்குப் போனாலும் காம்பராவைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அங்கே சுவரில் எண் எழுதிய ஆணிகள். சாவியை மாட்டிவிட்டு, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். திரும்பி வந்தால் அதே ஆணியிலிருந்து அதே சாவி. கொடுக்காமல் போனவன் ஓடிப்போனவன். பக்கத்து லயத்துக் குடும்பம் ஒன்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திருவிழாவுக்குப் போய்விட்டு எட்டாம் நாள் வந்தது. அவர்கள் காம்பராவில் வேறு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்திருந்தார்கள். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து அழுததை ராமாயி கண்ணால் பார்த்தவள்.

வீரையன் எச்சரித்தது வேறு மனதில் இருந்தது. வீட்டை யாராவது பிடித்துக்கொண்டால்? அப்படியானால் முறையாக ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் பத்திரம். அவள் புத்திக்கு எட்டியது அதுதான். சாமிதுரைக்காவது தோன்றியிருக்கக் கூடாதா என்றால், அவனும் அதே மலையில் பிறந்தவன்தானே. "ஆமா, குடுத்துட்டு வந்துடு" என்றான். காத்தாயியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பூட்டுப் பேச்சை அவளிடம் எடுக்க ராமாயிக்குப் பயம்.

பண்ணையின் ஏஜெண்டு இராஜாங்கம். நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தெற்குத்தெரு ஆட்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்று குரல் கொடுப்பார்கள். ராமாயி நேரே வாசல் வழியாக வந்து அறை முன்னால் நின்று கும்பிட்டாள். இராஜாங்கத்துக்குச் சுருக்கென்றது.

"என்ன?"

"தங்கச்சி கப்பல்ல வருதுங்கய்யா. மண்டபத்துக்குப் போறோம். சாவி குடுக்க வந்தேங்க."

"என்ன சாவி?"

"வீட்டுச் சாவிங்கய்யா." மேசை மேல் வைத்தாள்.

இராஜாங்கம் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் தெற்குத்தெருவிலிருந்து ஒருத்தரும் அவரிடம் சாவி என்று எதையும் நீட்டியதில்லை. அந்த நிமிஷம்வரை அவர் மனதில் ஒன்றுமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "சரி, வச்சிட்டுப் போ" என்று சொல்லியிருப்பார். ஆனால் ராமாயி போகவில்லை.

"புஸ்தகத்துல கையெழுத்துப் போட வேணாங்களாய்யா?"

அவர் சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். நிதானமாக நாலு வரி எழுதினார்.

"படிச்சுக் காட்டட்டுமா?"

"அதெல்லாம் எதுக்குங்கய்யா!"

ராமாயிக்குப் படிக்க வராது, ஆனால் பெயர் எழுத வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவுதான் கற்றுக்கொண்டிருந்தாள். கைநாட்டு வைக்காமல் கால் சுழி எல்லாம் போட்டுப் பெருமையாக எழுதினாள். வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது. அட பைத்தியக்காரி!

திருவாரூர் போய் ரயிலேறி, காரைக்குடியில் மாறி, மானாமதுரையில் மாறி மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் வரவில்லை. கடலில் காற்று. நாளை, நாளை மறுநாள் என்றார்கள். முகாமின் முள்வேலிக்கு வெளியே மணலில் காத்துக் கிடந்தார்கள். கையிலிருந்த அவல் தீர்ந்தது. சாமிதுரை ஒருநாள் மூட்டை தூக்கப் போனான். ஏழாம் நாள் ராஜாத்தி வந்தாள், சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அந்த வேகாத வெயிலில்!

அக்காளும் தங்கச்சியும் ஒரு பகல் முழுக்கக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ராஜாத்தியின் தலைமுடியில் இன்னும் லயத்து அடுப்புப் புகை வீசியது.

"நம்ம ஊரு எப்படிக்கா?"

"மலையே கெடையாதுடி. எந்தப் பக்கம் பாத்தாலும் வானம் தரையில வந்து நிக்குது. மொதல்ல தல சுத்தும்."

"வீடு?"

"வீடு இருக்கு. அத்தான் கதவு போட்டிருக்காரு. பூட்டு நம்ம ஒன்பதாம் நம்பர் பூட்டு."

"சாவி?"

"ஆபீசுல குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"ஆங், அதான் சரி" என்றாள் ராஜாத்தி.

சாயங்காலம் அவர்களை ரயிலில் ஏற்றினார்கள். ராஜாத்தி ஜன்னல் வழியே ஒரு பொட்டலம் நீட்டினாள், தோட்டத்துத் தேயிலை. தைக்கு வந்துவிடுகிறேன் என்றாள். இல்லாவிட்டால் நீ வந்துவிடு என்றாள். ராமாயி, வருகிறேன் என்று சொன்னாள். சொல்லத்தானே செய்வோம்.

ஒன்பதாம் நாள் தாழங்குடிக்குத் திரும்பியபோது வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க நாற்றங்காலில் நின்றது. ராமாயி பாதித் தேயிலையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு சாவி வாங்கப் போனாள். இராஜாங்கம் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். தேயிலையை வாங்கி முகர்ந்து பார்த்து, "ஒசத்தியா இருக்கே" என்றார். அதைப் போட்டுக் குடித்துக்கொண்டேதான் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினானோ என்னமோ, பாவி.

சட்டம் வந்தது. தெருவில் வேட்டு வெடித்தார்கள். அடுத்த வருஷம் மாசி மாதம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் விசாரணை. தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து, வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டார். சட்டத்தில் போன ஜூன் மாதத்து ஒரு நாளைக் குறித்திருந்தார்கள். அந்த நாளில் மனையில் குடியிருந்தவருக்கு மனை. காத்தாயியைக் கூப்பிட்டார்கள், இரண்டு கேள்வி, முடிந்தது. முப்பத்தாறு பேருக்கும் அப்படித்தான். கடைசியில் சாமிதுரை, ராமாயி.

இராஜாங்கம் எழுந்து காகிதத்தை நீட்டினார். அதிகாரி உரக்கப் படித்தார். "மேற்படி மனையில் இருந்த நாங்கள் எங்கள் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில் வீட்டைக் காலி செய்து சாவியைப் பண்ணை வசம் ஒப்படைத்துவிட்டோம். இனி மேற்படி மனையில் எங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை."

"திரும்பி வந்து அழுதாங்க. பாவம்னு தற்காலிகமா இருக்க விட்டோம்" என்றார் இராஜாங்கம்.

வீரையன் குதித்து எழுந்தார். "பித்தலாட்டம்! மெரட்டி எழுதி வாங்கியிருக்காங்க சார்!"

"மிரட்டினாங்களாம்மா?" என்று அதிகாரி ராமாயியைக் கேட்டார்.

வீரையன் அவளைப் பார்த்தார். ஆமாம் என்று சொல், ஒரே ஒரு வார்த்தை சொல், என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ராமாயிக்கு இன்னும் என்ன நடக்கிறதென்றே பிடிபடவில்லை. "இல்லீங்களே" என்றாள். "நானாத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். புஸ்தகத்துல கையெழுத்துப் போடணும்னு நாந்தான் கேட்டேன்."

"அந்தத் தேதியில வீட்டுல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லீங்கய்யா. நாங்க மண்டபத்துல கெடந்தோம். பூட்டியிருந்துச்சு."

"சாவி?"

"ஏஜெண்டையாகிட்ட."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட மனிதரல்ல. "யாரும்மா உன்னைச் சாவி குடுக்கச் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லலீங்கய்யா. ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுத்தானே போவணும். அதான மருவாதி?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காத்தாயி கூட்டத்தை இடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து கத்தினாள். "அய்யா, இவ அந்த மனையிலதான் இருந்தா! நான் பக்கத்து வீடு! இவளுக்கு நம்ம ஊரு நடப்புத் தெரியாதுய்யா, மலையில பொறந்தவய்யா!"

"தெரியுதும்மா" என்றார் அதிகாரி. "காகிதம் இருக்கே. நான் என்ன செய்ய?"

அப்போதுதான் ராமாயிக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். தோட்டத்தில் ஒரு பதில் சொல்லி ஒரு வீட்டை விட்டாள். இங்கே ஒரு கையெழுத்துப் போட்டு ஒரு வீட்டை விட்டாள். இரண்டு தடவையும் அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவையும் அவளை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

வழியெல்லாம் காத்தாயி திட்டிக்கொண்டே வந்தாள். "என்கிட்ட குடுத்திருக்கக் கூடாதாடி? அந்த எழவெடுத்த சாவிய என்கிட்ட குடுத்திருக்கக் கூடாதா? நான் திருடின்னு நெனச்சியா?" பிறகு நடுவழியில் நின்று ராமாயியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவளே ஓவென்று அழுதாள். "நாந்தான்டி ஒன்ன அன்னிக்கு அப்பிடிக் கேட்டேன். அதனாலதான நீ குடுக்கல" என்றாள். ராமாயி இல்லையென்று தலையாட்டினாள். ஆமாம் என்பது இருவருக்கும் தெரியும்.

வீரையன் அப்பீல் எழுதிப் போட்டார். அது எந்த மேசையில் கிடந்ததோ. சித்திரையில் பண்ணை ஆட்கள் வந்தார்கள். முப்பத்தாறு வீட்டுக்குப் பட்டா, ஒரு வீடு காலி. தெருவே திரண்டு சண்டைக்கு நின்றது. சாமிதுரைதான் கும்பிட்டு அனுப்பினான். "எங்களுக்காவ நீங்க அடிபட வேணாம். எழுதிக் குடுத்தது நாங்க" என்றான். ஊருக்கு வெளியே வாய்க்கால் கரைப் புறம்போக்கில் ஒரே நாளில் தெரு ஜனங்கள் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். தலைகீழ் எழுத்துக் கதவும் பூட்டும் அங்கே போயின. புறம்போக்குக்குப் பட்டாவும் கிடையாது, சட்டமும் கிடையாது. என்றைக்கு ஆபீசர் வந்து இறங்குவார், என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. ராமாயியை ஒரு தடவைகூட சாமிதுரை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ராமாயி வெளியூர் போகவில்லை. வயலுக்குப் போவாள். அதுவும் கரையிலிருந்து கதவு தெரிகிற வயலுக்கு மட்டும். தை வந்தது. ராஜாத்திக்குக் கைக்குழந்தை, வர முடியவில்லை. நீ வா என்று எழுதினாள். அடுத்த தையும் போயிற்று. மலை நம் மலை மாதிரியேதான் இருக்கிறது, குளிர்தான் கூடுதல், நீ வந்தால் சேர்ந்து கொழுந்து பறிக்கலாம் என்று எழுதினாள். வருகிறேன் என்று ராமாயி சாமிதுரையை விட்டு எழுதச் சொன்னாள்.

எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் காலை தந்தி வந்தது. சாமிதுரை வாங்கி, இங்கிலீஷாக இருந்ததால் தபால்காரரிடமே படிக்கச் சொன்னான். ராஜாத்தி இறந்துவிட்டாள். காய்ச்சல். உடனே புறப்பட்டு வரவும்.

ராமாயி கதவு நிலையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி. பஸ்சு போயிடும். எடுத்துப் போட்டுருவாங்க, மொகம் பாக்கணுமுல்ல" என்றான் சாமிதுரை.

அவள் அசையவில்லை.

"பூட்டிட்டுப் போவம்டி. சாவிய நாமளே வச்சுக்குவம்."

"பூட்டினாப் போதாதுங்க."

தந்தி வந்தது தெரிந்து தெரு வந்துவிட்டது. காத்தாயி முன்னால் வந்து, "நான் படுத்துக்குறேன்டி இங்க. நீ வர்ற வரைக்கும் நகர மாட்டேன். என் புள்ளைங்க மேல ஆணை" என்றாள்.

"நீ இருப்பக்கா. எனக்குத் தெரியும்." என்றாள் ராமாயி. "ஆனா வந்து கேக்குறவன் ஒன்னையா கேப்பான்? அன்னிக்கு யாரு இருந்தான்னுதானக்கா கேப்பான்."

சாமிதுரை கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு சிவப்புக் கம்பளி ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ்ஸுக்குப் போனான்.

பெண்கள் ராமாயியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட ராஜாத்தியைப் பார்த்ததில்லை. ராமாயிதான் முதலில் வாய்விட்டு அழுதாள். ஒன்பதாம் காம்பரா, கொழுந்துக் கூடை, தோட்டத்து ஆற்றங்கரை, இடுப்பில் தூக்கித் திரிந்த மலைப்பாதை என்று அவள் ஒப்பாரியில் வந்த இடம் எதுவும் தெற்குத்தெருவுக்குத் தெரியாது. தெரியாமலே கூட அழுதார்கள். காத்தாயி அவளைக் கட்டிக்கொண்டு, "அரைப்பேரு போட்டுட்டுப் போயிட்டியே, எந் தங்கமே" என்று ராகம் போட்டாள். இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அழுது முடித்தால் தலைமுழுக வேண்டும். வாய்க்கால் பத்தடி தூரத்தில்தான், ஐப்பசி வெள்ளம் கரை தொட்டு ஓடியது. பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி முழுகினார்கள். காத்தாயி திரும்பி, "வா ராமாயி" என்றாள்.

ராமாயி எழுந்தாள். வாசலைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். திரும்பிக் கதவைப் பார்த்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டு மறுபடியும் நிலையில் உட்கார்ந்துவிட்டாள்.

காத்தாயி குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, நிறைய மொண்டு, சொட்டச் சொட்டக் கரையேறி வந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே ராமாயியின் தலையில் ஊற்றினாள். இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் ஓடி, மெழுகிய தரையெல்லாம் நனைத்தது.